டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் விதிச் சந்தேகம் வந்தால்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை நான் ஆடத் தொடங்கிய மூன்றாவது வாரம், மூன்று மணி நேர ஆட்டத்தில் முக்கால் மணி நேரம் ஒரே ஒரு விதியைப் பற்றிய வாக்குவாதத்தில் கரைந்தது. ஐந்தாம் லெவலில் இருந்த என் மந்திரவாதி, தன் முறை (டர்ன்) வந்தபோது தொலைவில் நின்ற கூட்டத்தின் மேல் ஃபயர்பால் என்ற தீமந்திரத்தை வீசிவிட்டு, பக்கத்தில் நின்ற ஓகர் என்ற அரக்கனிடமிருந்து விலகி நடந்தான். விலகும்போது ஓகர் ஓங்கி அடித்தது. அடி பட்டது என்று தெரிந்ததும், பிறர் செயலுக்கு உடனடிப் பதிலாக அமையும் ரியாக்‌ஷனாக ஷீல்டு என்ற தற்காப்பு மந்திரத்தைப் போடுகிறேன் என்றேன். போட முடியாது என்றார் ஆட்டத்தை நடத்திய டி.எம்., அதாவது டன்ஜன் மாஸ்டர். முடியும் என்று எனக்கு அடுத்திருந்தவர் புத்தகத்தைத் திறந்து காட்டினார். டி.எம். தம் புத்தகத்தைத் திறந்து, முடியாது என்பதற்கான வரியைக் காட்டினார். இருவர் காட்டிய வரியும் அச்சில் இருந்தது; இருவர் சொன்னதும் சரியாகவே இருந்தது. ஒருவரிடம் இருந்தது 2014 பதிப்பு, மற்றவரிடம் இருந்தது 2024 பதிப்பு என்பதைக் கவனிக்க எங்களுக்கு நாற்பத்தைந்து நிமிடம் தேவைப்பட்டது.

அதற்குப் பிறகு ஓராண்டு தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்ட வரிசையைக் கீழே தருகிறேன். நீங்கள் புதிதாக ஒரு குழுவில் சேர்ந்திருந்தால் இந்த வரிசையிலேயே செல்லுங்கள். நடுவிலிருந்து தொடங்கினால் எங்களுக்கு நேர்ந்ததே உங்களுக்கும் நேரும்.

1. எந்தப் பதிப்பு என்பதை முதலில் எழுத்தில் வாங்குங்கள்

இன்று பெரும்பாலான மேசைகளில் ஆடப்படுவது ஐந்தாம் பதிப்பு. ஆனால் ஐந்தாம் பதிப்பு என்ற ஒரே பெயருக்குள் 2014 இல் வந்த விதிகளும், அவற்றைத் திருத்தி 2024 இல் வெளியிட்ட விதிகளும் அடங்கியிருக்கின்றன. இரண்டிலும் முதன்மையான புத்தகத்தின் பெயர் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்பதுதான். எனவே “ஹேண்ட்புக்கில் இருக்கிறது” என்று யாராவது சொன்னால், எந்த ஆண்டின் ஹேண்ட்புக் என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

மேலே சொன்ன தகராறையே எடுத்துக்கொள்வோம். 2014 விதியின்படி, நீங்கள், ஆக்‌ஷன் எனும் முதன்மைச் செயலுக்கு மேல் கிடைக்கும் சிறு செயலாகிய போனஸ் ஆக்‌ஷனாக ஒரு மந்திரம் போட்டால், அதே முறையில் ஒரு ஆக்‌ஷன் நேரம் பிடிக்கும் கேன்ட்ரிப் என்ற எளிய மந்திரத்தைத் தவிர வேறு மந்திரம் போட இயலாது. ஃபயர்பால் போனஸ் ஆக்‌ஷன் மந்திரம் அன்று என்பதால் அந்தத் தடை எனக்குப் பொருந்தவில்லை, ஷீல்டு செல்லும். 2024 விதியோ போனஸ் ஆக்‌ஷனைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஒரு முறையில் ஒரே ஒரு ஸ்பெல் ஸ்லாட்டைத்தான், அதாவது மந்திரம் போடச் செலவாகும் ஓர் அலகைத்தான், செலவிடலாம் என்கிறது. ஃபயர்பாலுக்கு ஒரு ஸ்லாட் போய்விட்டதால், என் முறை முடியும்வரை ஷீல்டுக்கு இன்னொன்றைச் செலவிட முடியாது. அதே ஓகர் அதன் முறையில் என்னை அடித்திருந்தால் இரண்டு பதிப்பிலும் ஷீல்டு செல்லும்.

இதுபோல் ஓசையில்லாமல் மாறியவை பல உண்டு. புதியவர்கள் அடிக்கடி இடறுகிறவற்றை மட்டும் சொல்கிறேன். ஹீலிங் போஷனைக் குடிப்பது 2014 இல் ஒரு முழு ஆக்‌ஷன். 2024 இல் போனஸ் ஆக்‌ஷன். எதிர்பாராமல் தாக்கப்பட்டவர் 2014 இல் தம் முதல் முறையில் நகரவும் செயல்படவும் முடியாது. 2024 இல் அவர் யார் முதலில் ஆடுவது என்று தீர்மானிக்கும் இனிஷியேட்டிவ் பகடையை டிஸ்அட்வான்டேஜோடு (இரண்டு உருட்டிச் சிறியதை எடுத்து) உருட்டுகிறார், அவ்வளவுதான். ஒருவரைப் பிடித்து நிறுத்துவது முன்பு இருவரும் பகடை உருட்டிப் போட்டியிடும் செயலாக இருந்தது. இப்போது பிடிபடுபவர் சேவிங் த்ரோ எனும் தற்காப்புப் பகடையை உருட்டுகிறார். ஒளிந்துகொள்வதற்கு 2024 இல் 15 என்ற இலக்கு எண் அச்சிலேயே இருக்கிறது. முன்பு அது எதிரியின் கவனத்தையும் டி.எம்.மின் தீர்ப்பையும் சார்ந்திருந்தது.

சில மேசைகளில் இரண்டையும் கலந்து ஆடுவார்கள். அதில் தவறில்லை, புதிய விதிகள் பழைய புத்தகங்களோடு சேர்த்து ஆடத்தக்கனவாகவே எழுதப்பட்டுள்ளன. ஆனால் எது எதிலிருந்து என்பதைச் செஷன் ஜீரோவிலேயே, அதாவது முதல் ஆட்டத்துக்கு முன் எல்லாரும் கூடிப் பேசும் அந்த அமர்விலேயே, குழுவின் உரையாடலில் ஒரு செய்தியாகப் போடச் சொல்லுங்கள். வாய்ச்சொல் போதாது. நான்கு வாரம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

2. ஆவணங்களையும் செலவையும் முடிவு செய்யுங்கள்

ஆட்டத்தின் மையப் புத்தகங்கள் மூன்று: பிளேயர்ஸ் ஹேண்ட்புக், டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு, மான்ஸ்டர் மேனுவல். ஒவ்வொன்றும் அமெரிக்காவில் ஏறத்தாழ 50 டாலர். ஆடுபவராகிய உங்களுக்கு முதலாவது மட்டும் போதும். மூன்றையும் வாங்கியே ஆக வேண்டும் என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். நான் கேட்டேன். மான்ஸ்டர் மேனுவலை இதுவரை நான்கு தடவை திறந்திருப்பேன்.

அந்த ஒன்றையும் வாங்குவதற்கு முன், காசு கேட்காத ஆவணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதிப்பாளராகிய விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனமே எஸ்.ஆர்.டி. (சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமென்ட்) என்ற பெயரில் விதிகளின் பெரும்பகுதியை இலவச பி.டி.எஃப். கோப்பாகத் தருகிறது. 2014 விதிகளுக்கு உரியது எஸ்.ஆர்.டி. 5.1, 2024 விதிகளுக்கு உரியது 2025 இல் வந்த எஸ்.ஆர்.டி. 5.2 வரிசை. இரண்டும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ளவை என்பதால், தரவிறக்குவதிலோ நண்பருக்கு அனுப்புவதிலோ எந்தச் சங்கடமும் இல்லை. சண்டை, மந்திரம், நிலைகள் பற்றிய பொது விதிகள் அனைத்தும் அவற்றில் உண்டு. கோப்பில் சொல் தேடலாம் என்பதால் மேசையில் அச்சுப் புத்தகத்தைவிட இதுவே விரைவாகவும் இருக்கிறது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. எஸ்.ஆர்.டி. முழுப் புத்தகம் அன்று. பாத்திரங்களின் தொழில்வகைகளாகிய பன்னிரண்டு வகுப்புகளும் அதில் உள்ளன. ஆனால் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரே ஒரு துணை வகுப்புதான் கொடுக்கப்பட்டிருக்கும். 5.1 கோப்பில் ஃபீட் என்ற கூடுதல் திறன்களின் பிரிவில் ஒன்றே ஒன்றைத்தான் காண்பீர்கள். ஆகவே நீங்கள் தேடியது அதில் இல்லை என்பதால் அப்படி ஒரு விதியே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

டி&டி பியாண்ட் என்ற அதிகாரபூர்வச் சேவையில் டி.எம். புத்தகங்களை மின்வடிவில் வாங்கி, உயர்நிலைச் சந்தாவும் வைத்திருந்தால், தம் குழுவினர் அவற்றைப் படிக்கும்படி பகிர்ந்துகொள்ளலாம். கையிலிருந்து பணம் எடுப்பதற்கு முன் இதைக் கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் வாங்கிய புத்தகம் எங்கள் மேசையில் ஏற்கெனவே பகிரப்பட்டிருந்தது.

3. சந்தேகத்தை ஆட்டத்தின் சொற்களில் எழுதுங்கள்

தமிழில் பேசிக்கொண்டு ஆடுபவர்களுக்கு இந்தப் படி மற்றவர்களைவிட முக்கியம். நாம் இயல்பாகப் பேசும்போது ஆட்டம் கவனமாகப் பிரித்து வைத்திருக்கும் இரண்டு சொற்களை ஒரே சொல்லாக்கி விடுகிறோம். “ஒரு ரவுண்டுக்கு ஒருதடவைதானே” என்று சொல்பவர், ஒருவருடைய முறையைச் சொல்கிறாரா, எல்லாருடைய முறைகளும் சேர்ந்த ஆறு விநாடிச் சுற்றைச் சொல்கிறாரா என்பது தெரியாமல் விடை சொல்ல முடியாது.

ரோக் வகுப்புக்குக் கூடுதல் சேதப் பகடைகள் தரும் ஸ்னீக் அட்டாக் திறன் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. விதி சொல்வது ‘ஒரு முறைக்கு ஒருதடவை’ என்று. ‘ஒரு சுற்றுக்கு ஒருதடவை’ என்று அன்று. எனவே உங்கள் முறையில் ஒருவனை ஸ்னீக் அட்டாக்கால் அடித்துவிட்டு, அதே சுற்றில் வேறொருவன் தன் முறையில் உங்களிடமிருந்து விலகி ஓடும்போது ரியாக்‌ஷனாக அடித்தீர்களென்றால், நிபந்தனைகள் பொருந்தும்பட்சத்தில் ஸ்னீக் அட்டாக் மறுபடியும் கிடைக்கும். இரண்டு சொல்லையும் ‘சுற்று’ என்றே சொல்லிப் பழகிய ரோக் ஒருவர், தமக்கு உரிமையான பகடைகளை மாதக்கணக்கில் உருட்டாமலே விட்டிருந்தார்.

‘லெவல்’ இன்னொரு கண்ணி. பாத்திரத்தின் லெவலும் மந்திரத்தின் லெவலும் வெவ்வேறு ஏணிகள். மூன்றாம் லெவல் மந்திரமாகிய ஃபயர்பாலை மந்திரவாதி மூன்றாம் லெவலில் கற்பதில்லை. ஐந்தாம் லெவலில்தான் அது அவனுக்கு எட்டுகிறது. ‘அட்டாக்’ என்ற சொல்லும் அப்படியே. கைடிங் போல்ட் மந்திரத்துக்கு, அடி பட்டதா என்று பார்க்கும் அட்டாக் ரோல் உருட்டுவதால் அது தாக்குதல்தான். ஆனால் நீங்கள் எடுத்தது அட்டாக் ஆக்‌ஷன் அன்று என்பதால் கூடுதலாகத் தாக்க உதவும் எக்ஸ்ட்ரா அட்டாக் திறன் அதனோடு சேராது. ஃபயர்பால் எத்தனை பேரைப் பொசுக்கினாலும், அதற்கு அட்டாக் ரோல் இல்லாததால், விதியின் கண்ணில் அது தாக்குதலே அன்று.

ஆகவே சந்தேகம் வந்தவுடன் கேட்காமல், அதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். அதில் நான்கு செய்திகள் இருக்கட்டும்: எந்தப் பதிப்பு, யாருடைய முறை, எந்த வகைச் செயல், எந்த விதி இடிக்கிறது. “2024 விதி. என் முறை. ஆக்‌ஷனாக ஃபயர்பால் போட்டுவிட்டேன். அதே முறையில் ரியாக்‌ஷனாக ஷீல்டுக்கு ஸ்லாட் செலவிடலாமா?” என்று நான் அன்று எழுதியிருந்தால் விடை அரை நிமிடத்தில் கிடைத்திருக்கும். கேள்வியை எழுதி முடிப்பதற்குள் விடை தானாகப் புலப்பட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கிறது.

4. விதியை வாசிக்கும் வரிசை

முதலில் அந்தத் திறன் அல்லது மந்திரத்தின் பத்தியை முழுவதும், கடைசி வாக்கியம்வரை படியுங்கள். இது மிகச் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் நான் பார்த்த தகராறுகளில் பாதிக்கு மேல், யாரும் அந்தப் பத்தியின் கடைசி வரியைப் படித்திராததால் வந்தவை.

அடுத்து அந்தப் பத்தி சுட்டும் பொது விதிக்குச் செல்லுங்கள். மந்திரத்தின் தலைப்பில் ‘கான்சன்ட்ரேஷன், ஒரு நிமிடம் வரை’ என்று மட்டும் இருக்கும். அதற்கு என்ன பொருள் என்பது வேறிடத்தில் இருக்கிறது. 2014 ஹேண்ட்புக்கில் பத்தாம் அத்தியாயத்தைத் தேட வேண்டும். 2024 ஹேண்ட்புக்கில் இறுதியில் உள்ள அருஞ்சொல் தொகுப்பை. அங்கே சென்று பார்த்தால்தான், இரண்டாவது கான்சன்ட்ரேஷன் மந்திரத்தைத் தொடங்கியவுடன் முதலாவது முடிந்துவிடும் என்பதும், அடிபட்டால் கான்ஸ்டிட்யூஷன் (உடல்திடம்) சேவ், அதாவது சேவிங் த்ரோ, உருட்ட வேண்டும் என்பதும் தெரியவரும். அந்த சேவின் இலக்கு 10 அல்லது பட்ட சேதத்தில் பாதி, இரண்டில் எது பெரிதோ அது. சேதம் 12 என்றால் இலக்கு 10. சேதம் 26 என்றால் 13. 2024 இல் இந்த இலக்குக்கு 30 என்ற உச்சவரம்பும் சேர்ந்திருக்கிறது.

இரண்டு விதிகள் மோதினால், தனி விதி பொது விதியை வெல்லும் என்பது ஆட்டத்தின் அடிப்படை ஏற்பாடு. ஆனால் தனி விதி தான் சொன்ன அளவுக்கு மட்டுமே விலக்கு அளிக்கிறது. சொல்லாத இடத்தில் பொது விதி அப்படியே நிற்கும். இந்த இரண்டாவது பாதியை வசதியாக மறந்துவிடுபவர்கள் எல்லா மேசையிலும் உண்டு. ஒரு திறன் உங்களுக்குப் போனஸ் ஆக்‌ஷனில் ஒரு வேலையைச் செய்ய அனுமதி தந்தால், உங்களுக்கு இரண்டு போனஸ் ஆக்‌ஷன் கிடைத்ததாகப் பொருள் இல்லை.

கணக்கில் இரண்டு விஷயங்களை மனத்தில் வையுங்கள். பின்னம் வந்தால் எப்போதும் கீழ்நோக்கி முழுமையாக்க வேண்டும், மிச்சம் அரையாக இருந்தாலும் சரி. சேதத்தைக் குறைக்கும் எண்ணை முதலில் கழித்துவிட்டு, அதன்பின்தான் ரெசிஸ்டன்ஸ் என்ற தாங்கும் திறனுக்காகப் பாதியாக்க வேண்டும். 18 புள்ளிச் சேதம், 3 குறைப்பு, கூடவே ரெசிஸ்டன்ஸ் என்றால், 15 இல் பாதி, அதாவது 7. வரிசையை மாற்றிப் போட்டால் 6 வரும். ஒரு புள்ளிதானே என்று தோன்றலாம். ஒரே ஒரு ஹிட் பாயிண்டோடு (உயிர்ப்புள்ளி) நின்றவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

எழுதப்படாதவற்றையும் விதி என்று நம்பிவிடாதீர்கள். 20 முகப் பகடையில் 20 விழுந்தால் எதுவும் கைகூடும் என்பது அவற்றில் தலையாயது. அட்டாக் ரோலில் 20 விழுந்தால் கட்டாயம் அடிபடும், சேதப் பகடைகளும் இரட்டிக்கும். ஆனால் பூட்டைத் திறக்கவோ அரசரை இணங்கவைக்கவோ உருட்டும் பகடையில் 20 என்பது வெறும் 20 தான். கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதும் ஒளிந்திருப்பதும் ஒன்று என்பது இன்னொன்று. 2014 விதியில் கண்ணுக்குத் தெரியாதவரின் ஓசையைக் கொண்டே அவர் நிற்கும் இடத்தை எதிரி அறியலாம். அட்வான்டேஜ் (இரண்டு உருட்டிப் பெரியதை எடுப்பது) மூன்று காரணங்களால் கிடைத்தாலும் கூடுதலாக ஒரு பகடைதான்; அதற்கு எதிராக ஒரே ஒரு டிஸ்அட்வான்டேஜ் வந்தால் மூன்றும் அடிபட்டுப் போகும்.

5. மேசையில் கேட்கும் நேரம்

பகடையை உருட்டுவதற்கு முன் கேளுங்கள். “இந்தத் தூணுக்குப் பின்னால் நின்றால் எனக்குக் கவர் (மறைவுப் பாதுகாப்பு) கிடைக்குமா?” என்று நகர்வதற்கு முன் கேட்டால் அது கேள்வி, அடி வாங்கிய பின் கேட்டால் அது வழக்கு. இரண்டாவதில் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், முடிவு பிடிக்காததால் விதி தேடுகிறார் என்றே மற்றவர்களுக்குத் தோன்றும்.

தேடலுக்கு எங்கள் மேசையில் இரண்டு நிமிடம் வைத்திருக்கிறோம். அதற்குள் கிடைக்காவிட்டால் டி.எம். ஒரு தற்காலிக முடிவு சொல்வார், ஆட்டம் நகரும், கேள்வி தாளில் ஏறும். யாருடைய பாத்திரமாவது சாகும் நிலையில் இருந்தால் மட்டும் பத்து நிமிட இடைவேளை விட்டுத் தேடுகிறோம். தற்காலிக முடிவை ஏற்றுக்கொள்வது தோல்வி அன்று: மேசையில் இறுதிச் சொல் டி.எம்.முடையது என்று புத்தகங்களே சொல்கின்றன. விதி தெளிவாக இருந்தும் அவர் மாற்றி ஆட விரும்பினால், அது அவருடைய உரிமை. அதை முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது உங்களுடையது.

பிறருடைய பாத்திரத்துக்கு விதி சொல்லித்தருவதை, அவர் கேட்டாலொழியத் தவிர்த்துவிடுங்கள். இதை நான் கற்றுக்கொள்ள நெடுநாள் ஆயிற்று.

6. ஆட்டம் முடிந்தபின் தேடும் இடங்கள்

முதல் இடம் பிழைத்திருத்தப் பட்டியல். பதிப்பாளர் பின்னாளில் திருத்திய வரிகள் புதிய அச்சில் சேர்ந்திருக்கும். உங்கள் கையிலுள்ள பழைய அச்சில் இருக்காது. ஒரே ஆண்டுப் புத்தகத்தின் இரண்டு பிரதிகளில் ஒரு வரி வேறுபட்டால் காரணம் பெரும்பாலும் இதுவே.

இரண்டாவது சேஜ் அட்வைஸ் கம்பெண்டியம். கேள்வி பதிலாக அமைந்த இந்த இலவசத் தொகுப்பே பதிப்பாளரின் அதிகாரபூர்வ விளக்கம். ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் சமூக ஊடகத்தில் தனித்தனியாகச் சொன்ன பதில்கள் ஏராளமாக உலவுகின்றன. அவை ஆலோசனைகள்தாமே தவிர அதிகாரபூர்வத் தீர்ப்புகள் அல்ல என்று அந்தத் தொகுப்பே குறிப்பிட்டிருக்கிறது. ஒரு பழைய பதிவின் படத்தைக் காட்டி யாராவது வாதிட்டால், நாள் என்ன, எந்தப் பதிப்பைப் பற்றியது என்று கேட்டுப் பாருங்கள்.

ரசிகர்கள் நடத்தும் விக்கிகளையும் காணொளிகளையும் விடைக்காக நம்பாதீர்கள். விடை எங்கே இருக்கும் என்று அறிய மட்டும் பயன்படுத்துங்கள். அவற்றில் 3.5 என்ற பழைய பதிப்பின் விதியும் ஐந்தாம் பதிப்பின் விதியும், ஆட்டக்காரர்கள் தாமே உருவாக்கிய ஹோம்ப்ரூ திறன்களும் பக்கம் பக்கமாகக் கிடக்கும். சாட்பாட்டிடம் கேட்டாலும் இதே சிக்கல்தான்: இரண்டு ஆண்டு விதிகளையும் பிசைந்து உறுதியான தொனியில் சொல்லிவிடும். கிடைத்த விடையை எஸ்.ஆர்.டி. கோப்பில் உள்ள வரியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே டி.எம்.முக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது வரியையும் பக்க எண்ணையும் சேர்த்து, தனிச் செய்தியாக அனுப்புங்கள். அடுத்த ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பாவது அது அவர் கையில் இருக்க வேண்டும். ஆட்டம் தொடங்கும் நேரத்தில் வாசலில் நிறுத்திக் கேட்டால், அவசரத்தில் வரும் விடை உங்களுக்குப் பாதகமாகவே முடியும்.

7. முடிவைப் பதிவு செய்யுங்கள்

எல்லாரும் திறந்து பார்க்கக்கூடிய ஒரு தாள் போதும். எங்கள் தாளில் நான்கு கட்டங்கள்: நாள், கேள்வி, முடிவு, எதன் அடிப்படையில். நான்காவது கட்டத்தில் ‘2024 ஹேண்ட்புக்’, ‘சேஜ் அட்வைஸ்’, ‘எங்கள் மேசையின் விருப்பம்’ என்ற மூன்றில் ஒன்றை எழுதுகிறோம். மூன்றாவது வகையைத் தனியாகக் குறிப்பதால், புதிதாகச் சேர்பவர் வேறு மேசையில் போய் அதையே பொது விதியாகச் சொல்லி மாட்டிக்கொள்வதில்லை.

தற்காலிக முடிவு தவறு என்று பிறகு தெரிந்தால், நடந்த ஆட்டத்தைப் பின்னோக்கித் திருத்தக் கேட்காதீர்கள். திருத்தம் அடுத்த அமர்விலிருந்து நடப்புக்கு வரட்டும். அந்தத் தவறான முடிவை நம்பி யாராவது லெவல் ஏறும்போது ஒரு திறனைத் தேர்ந்தெடுத்திருந்தால் மட்டும், அதை ஒருதடவை மாற்றிக்கொள்ள டி.எம்.மிடம் அனுமதி கேளுங்கள். நான் கேட்டவரையில் யாரும் மறுத்ததில்லை. என் ஷீல்டு தகராறு அந்தத் தாளின் முதல் வரியாக இருக்கிறது: ‘2024 விதி. செல்லாது.’ அந்த ஓகரின் அடியில் என் மந்திரவாதி இழந்த 14 புள்ளிகளைத் திரும்பக் கேட்கவில்லை.